வேதத்தில் இல்லாத காட்சி

மார்ச் 5, புதன்

ஃபாதர் கஸ்பார் வேதாகமத்தை வைத்து எங்கள் தெருவை நாடகத்திலிருந்து வெட்டிவிட்டார்.

காலைப் பூசையில் எல்லார் நெற்றியிலும் சாம்பல் பூசி முடித்த கையோடு அறிவித்தார். இந்த வருஷம் பாஸ்கா நாடகத்தில் வேதாகமத்தில் உள்ள காட்சிகள் மட்டும்தான். பிற்காலத்தில் யார் யாரோ எழுதி, திருச்சபை ஏற்காமல் விட்ட ஏடுகளிலிருந்து வந்தவை நீக்கப்படும். அவ்வளவுதான். அடுத்த அறிவிப்பு, கொடிமரத்தில் சைக்கிளைச் சாய்த்து வைக்கக் கூடாது என்பது.

அந்தோணிக்குறிச்சியில் பாஸ்கா என்றால் இரண்டு நாள். பெரிய வெள்ளி மாலை பாடுகள். உயிர்ப்பு ஞாயிறு மாலை பாதாளமும் உயிர்ப்பும். வேஷங்கள் குடும்பச் சொத்து. இயேசு, மாதா, சீடர்கள், பிலாத்து, பிலாத்துவின் மனைவி வரை மேலத்தெருவுக்கு. சாட்டையால் அடிக்கும் சேவகர்கள், இரண்டு கள்ளர்கள், ஈட்டியால் குத்திப் பார்வை பெறும் குருடன், இயேசுவின் முகம் துடைக்கும் வெரோணிக்கம்மாள், பாதாளத்துப் பேய்கள், அங்கே காத்திருக்கும் செத்தவர்கள், அவர்களில் மூத்தவரான ஆதாம் எல்லாம் கீழத்தெருவுக்கு. அதாவது எங்களுக்கு.

அப்பா இருபத்தேழு வருஷமாக ஆதாம்.

மேடைக்கு முன்னால் இடுப்பளவு குழி வெட்டுவோம். அதுதான் பாதாளம். செத்த இயேசு அங்கே வந்து கதவை உதைத்துத் திறந்து, ஆதாமின் வலக்கையைப் பிடித்து மேலே தூக்குவார். மேலத்தெரு ஆள் ஒருவன் எங்கள் ஆள் ஒருவனின் கையை ஊர் பார்க்கப் பிடிப்பது வருஷத்துக்கு அந்த ஒரு தடவைதான்.

வீட்டுக்கு வந்து அப்பா கஞ்சி குடித்தார். பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“ஏண்டா பெலவு, ஆதாம் வேதத்துல இருக்காருல்ல?”

“இருக்காருப்பா. முதல் பக்கத்துலயே.”

“அப்பறம் என்னவாம்?”

“பாதாளத்துல இயேசு வந்து அவரு கையைப் புடிக்கிறது இல்ல.”

மீதிக் கஞ்சியை அவர் குடிக்கவில்லை. உபவாச நாள்தானே என்று அம்மா சொன்னாள்.

மார்ச் 7, வெள்ளி

கடையில் கூட்டம். தாலுகா ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை நடத்துபவனிடம் வேலை பார்ப்பது, சாமியார் ஆகப் போய்க் குருமடத்தில் தத்துவம் படித்ததைவிட நேர்மையான காரியம். இங்கே அசல் எது, நகல் எது என்று எல்லாருக்கும் தெரியும். நூற்றுக்கு மேல் ஆதார் நகல். ஒரு கிழவர் தன் சாதிச் சான்றிதழை ஏழு பிரதி எடுத்தார். கிறிஸ்தவர் என்பதால் பட்டியல் சாதிச் சலுகை எதற்கும் ஆகாத சான்றிதழ். ஏழு பிரதி.

சாயங்காலம் தொம்மை மாமா வந்தார். வெரோணிக்கம்மாள் வேஷம் அவருக்குத்தான். வருஷா வருஷம் தவக்காலத்தில் மீசையை எடுப்பார்.

“யாருடா இந்தச் சாமியாரு காதுல ஓதுனது? வந்து ஆறு மாசம் ஆகல, நம்ம சீனெல்லாம் எந்த ஏட்டுல இருந்து வந்துச்சுன்னு புட்டுப்புட்டு வைக்கிறாரு!”

தெரியாது என்றேன்.

“நீ அந்தப் படிப்புத்தானே படிச்ச? உனக்கே தெரியாதா?”

“தெரியாது மாமா.”

“இப்ப நான் மீசைய எடுக்குறதா, வைக்கிறதா? அதையாவது சொல்லு.”

மார்ச் 9, ஞாயிறு

போன வருஷம் நடந்ததை எழுதிவைக்க வேண்டும். எழுதாவிட்டால் அதுவும் நடக்கவில்லை என்று ஆகிவிடும்.

போன வருஷம் இயேசு வேஷம் மேலத்தெரு டென்னிஸுக்கு வந்தது. அவன் அப்பா மிக்கேல்சாமிக்கு முழங்கால் போய்விட்டதால் மகனுக்கு. மிக்கேல்சாமி நடித்த காலத்தில் இரண்டு விரலாலாவது அப்பாவின் கையைத் தொடுவார். டென்னிஸ் பாதாளத்துக்கு வந்தான், கதவை உதைத்தான், குழிக்கு மேலே நின்றான். அப்பா கையை நீட்டினார். டென்னிஸ் தன் கையிலிருந்த கொடிக்கம்பைத் திருப்பி அடிப்பக்கத்தை நீட்டினான்.

அப்பா கம்பைப் பிடித்துக்கொண்டு ஏறினார். வசனத்தை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். ஜனம் கைதட்டியது.

ஒரு மாதம் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது, “அடுத்த வருசம் கையப் புடிக்க வைக்கிறேன்” என்றார். மாட்டிடம் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

மார்ச் 14, வெள்ளி

சிலுவைப்பாதை. ஆறாம் ஸ்தலத்துப் படத்தின் முன்னால், வெரோணிக்கா இயேசுவின் முகத்தைத் துடைத்தாள் என்று ஃபாதர் தன் வாயாலேயே வாசித்தார். தொம்மை மாமா கோவிலே அதிரும்படி பதில் செபம் சொன்னார். ஃபாதர் நிமிர்ந்து பார்த்தார். இந்தப் பெயரும் வேதத்தில் இல்லை. ஆனால் சுவரில் படமாகத் தொங்குகிறது. படத்தை இறக்க அவரால் முடியாது. எங்களை இறக்க முடிந்தது.

மார்ச் 16, ஞாயிறு

ஃபாதரைப் பார்க்கப் போனேன். முப்பத்திரண்டு வயது. ரோமாபுரியில் வேதம் படித்தவர். அறை நிறையப் புத்தகம், ஒரே ஒரு நாற்காலி. அதை எனக்குத் தந்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

“ஃபாதர், பாதாளத்துல இறங்கினாருன்னு ஞாயித்துக்கிழமைதோறும் விசுவாசப் பிரமாணத்துல சொல்றோமே, அது?”

“இறங்கினாருன்னு சொல்றோம். ஆதாம் கையப் பிடிச்சாருன்னு சொல்றோமா?”

“சரி. மேலத்தெருவுல அன்னம்மாளுக்குக் கெபி கட்டிச் சொரூபம் வச்சிருக்காங்க. மாதாவோட அம்மா பேரு அன்னம்மாள்னு வேதத்துல எந்த அதிகாரம்? அதுவும் சபை ஒதுக்குன ஏட்டுல இருந்து வந்ததுதானே? அத எப்ப இடிக்கப் போறீங்க?”

சிரித்தார். “அத இடிச்சா என்னை இடிச்சிருவாங்க.”

“எங்களோடத இடிச்சா யாரும் கேக்க மாட்டாங்க.”

சிரிப்பை நிறுத்தினார். எழுந்து கதவைச் சாத்தினார்.

“நான் எந்த ஊரு, எந்தத் தெருன்னு உனக்குத் தெரியும். அவங்களுக்கும் தெரியும். நான் சாதின்னு வாயத் தொறந்தா ஆயருக்கு மொட்டக்கடுதாசி போகும். வேதம்னு சொன்னா எவனும் பேச முடியாது. நம்ம ஆளுங்க மூஞ்சில கரியப் பூசிக்கிட்டுப் பேயா உருள்றத வருசா வருசம் சேர் போட்டு உக்காந்து பாக்கணுமா நான்? சொல்லு.”

“அதுக்குப் பதிலா எங்களுக்கு வேற வேஷம் குடுத்திருக்கலாமே.”

“கேட்டேன். பங்குப் பேரவையில ஒருத்தரும் விட்டுக்குடுக்கல. கள்ளனுங்க ரெண்டு பேரு வேதத்துல இருக்காங்க, அது அப்படியே உங்களுக்கே இருக்கட்டும்னாங்க. சேவகனுங்களும்.”

பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

அதைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன்.

மார்ச் 17, திங்கள்

கடையில் டோனர் தீர்ந்துவிட்டது. பஸ் பிடித்துப் போய் வாங்கி வந்தேன்.

மார்ச் 22, சனி

அந்தக் காகிதம் என்னுடையது. ஜனவரி பன்னிரண்டாம் தேதி, கடைக் கம்ப்யூட்டரில் நானே அடித்தது.

குருமட நூலகத்தில் அடித்தட்டில் ஒரு தடித்த ஆங்கிலத் தொகுப்பு இருந்தது. ஆதிக் கிறிஸ்தவர்கள் எழுதி, சபை தன் பட்டியலில் சேர்க்காமல் விட்ட சுவிசேஷங்கள், நடபடிகள், கடிதங்கள். பாமர பக்தியின் கற்பனை என்று பேராசிரியர் சொன்னார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அதே வாரம் அந்தத் தொகுப்பில் அப்பாவைப் பார்த்தேன். பாதாளத்தின் கதவுகள், பேய்களுக்குள் சண்டை, ஆதாமின் வலக்கை. அச்சு அசலாக எங்கள் ஊர்க் காட்சி. ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு மேல் பழசு. எழுத்துக்கூட்டிப் படிக்கிற என் அப்பா கண்ணால் கண்டிராத ஓர் ஏட்டை மனப்பாடமாக வைத்திருந்தார். யார் கொண்டுவந்து இந்த ஊரில் சொன்னார்கள், எந்தக் கப்பலில் வந்தது, எனக்குத் தெரியாது. பெருமைப்பட்டிருக்க வேண்டும். வெட்கம்தான் வந்தது. ஒதுக்கிய மனிதர்களுக்கு ஒதுக்கிய ஏட்டிலிருந்து வேஷம் கொடுத்திருக்கிறார்கள், அது தெரியாமல் இவர் இத்தனை வருஷம் சந்தோஷமாகக் குழியில் உட்கார்ந்திருக்கிறார் என்று.

ஆகவே ஃபாதருக்கு மனு எழுதினேன். எங்கள் தெருவுக்குத் தந்திருக்கும் பாத்திரங்களில் பெரும்பாலானவை வேதாகமத்தில் இல்லாதவை. ஒவ்வொன்றும் எந்த ஏட்டிலிருந்து வந்தது என்று கீழே பட்டியலிட்டிருக்கிறேன். இனி எங்களுக்கு வேதத்தில் உள்ள பாத்திரங்களைத் தர வேண்டும். குறைந்தது ஒரு சீடர்.

படித்த சாமியார், நம்மவர், படித்தவன் சொன்னால் புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். புரிந்துகொண்டார். பட்டியலை எடுத்துக்கொண்டார், கோரிக்கையை விட்டுவிட்டார்.

இல்லை. இன்னும் ஒன்று எழுத வேண்டும். கம்பை நீட்டியதற்காகத்தான் அந்த மனுவை எழுதினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மனுவில் கம்பு என்ற வார்த்தையே இல்லை.

மார்ச் 28, வெள்ளி

புதிய வசனநோட்டு எங்கள் கடைக்கே தட்டச்சுக்கு வந்தது. டென்னிஸ் கொண்டுவந்தான். முப்பத்தாறு பக்கம், இருபது பிரதி.

“ஸ்பெல்லிங்கெல்லாம் பாத்துப் போடு. படிச்சவன்ல.”

“டென்னிஸ், போன வருசம் ஏன் கம்ப நீட்டின?”

“எது? அதுவா?” உண்மையிலேயே அவனுக்கு நினைவுக்கு வர நேரமானது. “கையில பெயிண்ட்டு, ரத்தம் மாதிரி. உங்கப்பா மேல ஒட்டிடும்னுதான்.”

“அவரு போட்டிருந்தது சாக்கு.”

“இப்ப என்ன, அந்த சீன்தான் இல்லையே. விடு.”

முப்பத்தாறு பக்கமும் நானே அடித்தேன். கல்லறை மூடுகிறது, அடுத்த வரியில் திறக்கிறது. இடையில் ஒன்றுமில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

பூசைக்குப் பிறகு பேரவைக் கூட்டம். எங்கள் தெரு மொத்தமும் போனோம். தொம்மை மாமா ஆரம்பித்தார். “எங்க அப்பன் பாட்டன் போட்ட வேசம். எங்களக் கேக்காம எப்பிடி எடுப்பீங்க?”

மிக்கேல்சாமி நாற்காலியிலிருந்து எழக்கூட இல்லை. ஒரு காகிதத்தை விரித்து வாசிக்க ஆரம்பித்தார். என் மனு. என் பட்டியல். என் பெயர், என் கையெழுத்து. ஃபாதர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்களத் திட்டாதீங்கப்பா. இந்த வேசமெல்லாம் பொய்யின்னு எழுதிக் குடுத்ததே உங்க சந்தியாகு மவன்தான்” என்றார் மிக்கேல்சாமி.

கூட்டம் அப்படியே கலைந்தது. தொம்மை மாமா என்னைத் தாண்டிப் போகும்போது மீசையில்லாத மேலுதட்டைத் தடவிக் காட்டினார். 

வீட்டில் அப்பா மாட்டைக் குளிப்பாட்டிவிட்டு வந்து கேட்டார்.

“நீ எழுதுனதா?”

“ஆமாப்பா.”

“நான் பேயா ஆடுறேன்னு எழுதுனியா?”

“இல்லப்பா. வேதத்துல இல்லாத...”

“நான் பேயில்லடா. ஆதாம். மிக்கேல்சாமிக்கும் நாந்தான் அப்பன், அவன் மவனுக்கும் நாந்தான் அப்பன். மேல இருக்குறவன் என்னைத் தேடி இறங்கி வாரான். வேற யாரத் தேடி அவன் இறங்கி வந்தான்? உன் சீடனத் தேடியா?” ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, “உனக்குக் கேவலமா இருந்துச்சுன்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாம்” என்றார்.

 

ஏப்ரல் 7, திங்கள்

அம்மா மட்டும் பேசுகிறாள். அதுவும் சாப்பாட்டைப் பற்றி.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை. தெருவில் பேசி முடிவெடுத்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை. முற்றத்திலிருந்து கேட்டேன். இந்த வருஷம் பாஸ்காவுக்குச் சேவகன் கிடையாது, கள்ளன் கிடையாது, பறை கிடையாது, பந்தல் போட ஆள் கிடையாது.

“அவனுங்களே அடிச்சிக்கிட்டு அவனுங்களே சாகட்டும்” என்றார் தொம்மை மாமா.

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. “நான் போவேன்” என்றார்.

“போயி? உனக்குத்தான் அங்க ஒண்ணுமே இல்லையே.”

“அது எனக்குத் தெரியும்.”

ஏப்ரல் 17, வியாழன்

பாதம் கழுவும் சடங்கு. பன்னிரண்டு பேரில் நான்கு பேர் கீழத்தெரு. ஃபாதரே பெயர் போட்டார். முதல் பெயர் அப்பா. ஃபாதர் மண்டியிட்டு அப்பாவின் காலைக் கழுவி, துடைத்து, முத்தம் செய்தார். நிமிர்ந்தபோது அவர் கன்னம் நனைந்திருந்தது. வேர்வையாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம்.

வரும் வழியில் அப்பா பதினோரு நாளுக்குப் பிறகு என்னோடு பேசினார்.

“காலப் புடிக்க ஆளிருக்குடா. கையப் புடிக்கத்தான் இல்ல.”

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

டென்னிஸை அடிக்க ஆள் இல்லாமல் போயிற்று. மேலத்தெருவில் யாரும் சேவகன் வேஷம் போட ஒத்துக்கொள்ளவில்லை. அது எங்கள் வேஷமாம், போட்டால் அவர்களுக்கு இழுக்காம். கடைசியில் பேதுருவாக நடித்தவனும் யோவானாக நடித்தவனும் தாடியைக் கழற்றிவிட்டுச் சாட்டை எடுத்தார்கள். மெதுவாகத்தான் அடித்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், “ஈ ஓட்டுறானுங்கடி” என்றது. ஜனம் சிரித்தது. இந்த ஊரில் பெரிய வெள்ளியன்று ஜனம் சிரித்ததை நான் முதன்முதலாகப் பார்த்தேன். கள்ளர்களின் சிலுவைகள் இரண்டும் காலியாக நின்றன.

நான் சந்தோஷப்பட்டேன். அதற்குமேல் ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 21, திங்கள்

நேற்று மதியம் மூன்று மணிக்கு அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கோவில் திடலுக்குப் போனார். நானும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். வரவேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

மேடைக்கு முன்னால் வழக்கமான இடத்தில் குழி வெட்டினோம். டென்னிஸின் ஆட்கள் மேடையில் சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்தார்கள். மிக்கேல்சாமி இரண்டு தடவை தாண்டிப் போனார். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. குழி வெட்டுவது எங்கள் வேலை. நாங்கள் குழி வெட்டினால் அது யார் கண்ணிலும் படுவதில்லை. ஒருவன் தன் செருப்பில் மண் விழுகிறது, அந்தப் பக்கம் போடு என்று மட்டும் சொன்னான்.

“ஆழம் போதுமாப்பா?”

“இன்னும் ஒரு சாண். முட்டி நிக்கல எனக்கு, உக்காந்துதான் இருக்கணும். தல தெரியக் கூடாது.”

மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டே சொன்னேன், “நான் எழுதுனது தப்புப்பா.” அவர் கடப்பாரையைக் கேட்டார். கொடுத்தேன்.

ஆறரை மணிக்கு அப்பா சாக்கைப் போர்த்திக்கொண்டு குழிக்குள் இறங்கினார். நான் மேலே பழைய தென்னந்தட்டியைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தேன். கூட்டம் வந்தது. வரமாட்டோம் என்றிருந்த எங்கள் தெருவும் வந்து பின்னால் நின்றது. அப்பா எங்கே இருக்கிறார் என்று அம்மா சொல்லியிருக்க வேண்டும்.

ஃபாதர் முதல் வரிசையில் உட்கார்ந்தார். தட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்திருப்பார் என்று நினைத்தேன். எழுந்திருக்கவில்லை.

நான் அடித்த நோட்டின்படியே நடந்தது. பெண்கள் கல்லறைக்கு வந்தார்கள், தேவதூதன் பேசினான், டவுனிலிருந்து கூட்டி வந்த பேண்டு வாத்தியம் முழங்கியது. டென்னிஸ் வெள்ளை உடையில், தலைக்குப் பின்னால் ஒளிவட்டத்தோடு, மேடையின் முனைக்கு வந்து இரண்டு கைகளையும் விரித்து நின்றான். பட்டாசு வெடித்தது. அது ஓயும்வரை காத்திருந்துவிட்டு நான் தட்டியை இழுத்தேன்.

அப்பா எழுந்தார். எழச் சிரமப்பட்டார். நான் பிடிக்கப் போனேன், என் கையைத் தட்டிவிட்டார். டென்னிஸின் காலடியில், இடுப்பு வரை மண்ணுக்குள், சாக்கோடு நின்று வலக்கையை உயர்த்தினார்.

பேண்டுக்காரர்களுக்கு விஷயம் தெரியாது. இன்னும் இரண்டு அடி வாசித்துவிட்டுத்தான் நிறுத்தினார்கள்.

டென்னிஸ் கையை இறக்கி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். தன் அப்பாவைப் பார்த்தான். மிக்கேல்சாமி ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர் மடியிலிருந்த தன் கைகளைப் பார்த்தார். திடலில் அறுநூறு பேர். ஒரு குழந்தை அழுதது, தாய் அதன் வாயைப் பொத்தினாள்.

ஆதாமுக்கு அந்த இடத்தில் பதினோரு வரி வசனம் உண்டு. செந்தமிழில், ஆண்டவரே என்று தொடங்கும். அப்பா அதைச் சொல்லவில்லை. மேடையின் மைக்கு அவருக்கு நேர் மேலே தொங்கியது. மாட்டிடம் பேசுகிற அதே குரலில்தான் சொன்னார். திடலின் கடைசி வரை கேட்டது.

“எப்பா டென்னிசு. கையக் குடு.”

 உயர்த்திய கையை இறக்கவில்லை. இடக்கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

“உன்னத்தான்யா. கையக் குடு.”